காலண்டர் படமும் ஒரு வரலாறு



ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். முருகன், லட்சுமி, மீனாட்சி என்று புரட்டிப் பார்த்து, கடைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த படத்துக்கு ஆர்டர் கொடுப்பார்கள். ஆணியில் தொங்கும் அந்தச் சாமி படத்தை உலகக் கலை ஆய்வாளர்களும் தேடி வந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரான கஜ்ரி ஜெயின் இந்தியக் காலண்டர் ஓவியங்களைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். 2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. படத்தின் அழகோடு அவர் நிற்கவில்லை. வரைந்தவர், அச்சிட்டவர், வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்த வியாபாரி, மாலை போட்டுக் கும்பிட்ட குடும்பம் என்று அது கைமாறிய பாதை முழுவதையும் ஆராய்ந்தார். கலை வரலாறு இப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

கனடா மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் ஆராய்ந்தது கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவை. 1898இல் பிறந்த கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள்தான் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளை நிறைத்தன. 1976இல் அவர் மறைந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சாமி படம் இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் அதன் கீழ் ஓரத்தைத் துடைத்து, ஓவியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.