அடிபட்ட பூனைக்கு அடைக்கலம்

நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்குப் 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது பொருள். பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானதை நபிமொழி கூறும். எனவே, அடிபட்ட தெருப்பூனையை வீட்டில் வைத்துப் பேணுவோர்க்குக் கடமைகள் இரண்டு: அடைத்திருக்கும்வரை உணவூட்டல், ஆறியபின் விடுவித்தல்.

மல்லாங்கிணறு போன்ற நம் கரிசல் ஊர்களில் வண்டிச் சக்கரமும் தீபாவளிப் பட்டாசும் பூனைக்கு ஊறு விளைக்கக்கூடும். அப்போது இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். தீப்புண்ணைக் குளிர்ந்த நீரால் நனைக்கலாம். மஞ்சளோ எண்ணெயோ பூசலாகாது. பூனை தன் உடலை நக்கும் இயல்பினது. பூசியவை யாவும் அதன் வயிற்றைச் சேரும். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமாலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் போக்கவல்லது. காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் கிடத்தி, கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லுதலே முறை.

வலியால் அது கடிக்கவோ பிறாண்டவோ கூடும். அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரை அணுகி வெறிநோய்த் தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும்.

புண் ஆறியபின் அது வாயிலைக் கடந்து செல்ல விழையுமாயின் தடுத்தல் வேண்டா. கைம்மாறு கருதாது கதவைத் திறந்துவிடுவதும் பேணுதலில் அடங்கும்.