இரண்டு ஸ்பீக்கர் ஊமையானால் இரண்டுமே போய்விட்டதா?

எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் 'இளைஞர்களும் இசைக்குழுக்களும்' என்ற தலைப்பில் பேசி முடித்து, மைக்கைக் கழற்றிக் கொண்டிருந்த நேரம். பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, குழு நடத்துறது எப்படின்னு நல்லா பேசுனீங்க. ஆனா எங்க பேஸ் பெட்டி வெடிச்சிருச்சு. அத யாருகிட்ட கேட்கிறது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கருத்தரங்கில் இதையே பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தப் பேச்சின் எழுத்து வடிவம்தான் இது.

தம்பிக்கு ஊர் பத்து காவான். தோட்டத்தில் பால் மரம் சீவிய குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் குழு அது. கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்திற்கெல்லாம் போவார்கள். நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியை, பழையதுதான், 1,200 ரிங்கிட்டுக்கு நான்கு பேரும் பங்கு போட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு விருந்தில் பாட்டின் நடுவே 'கர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு கருகல் வாடை. நான்கில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஊமை. ஒரு கடைக்குத் தூக்கிப் போனால், "இரண்டும் அவுட். ஒன்று 450 ரிங்கிட். அதைவிடப் புதுப் பெட்டியே வாங்கிவிடுங்கள்" என்றார்களாம். இரண்டு வாரத்தில் ஒரு கல்யாணம். முன்பணம் வாங்கி, அது செலவும் ஆகிவிட்டது!

பேஸ் கித்தார் இல்லாமல் வாசித்தால் என்ன என்று கேட்பவர்கள் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு கச்சேரி கேட்டுப் பாருங்கள். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பினாங்கு மண்ணுக்கும் இந்தக் கலை புதிதல்ல. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழு இங்கிருந்து கிளம்பித்தான் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. லோகா 2007இல் மறைந்தபோது அழாத பினாங்கு இசை ரசிகர் குறைவு.

நான் தொடர்பியல் டிப்ளோமா படித்தவள், எஞ்சினியர் அல்ல. ஆகவே முப்பது வருடமாகக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டி வரும், எனக்கு மாமா முறையான ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தில் பத்து மாவுங்கிலிருந்து ஏறினால் கடலைக் கடந்து பத்து காவானில் இறங்கிவிடலாம். அந்த 24 கிலோமீட்டரும் மாமா எனக்குப் பாடம் நடத்திக் கொண்டே வந்தார்.

ஸ்பீக்கர் என்பது என்ன? காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். அந்தச் சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது முன்னும் பின்னும் ஆடும், கூம்பு காற்றைத் தள்ளும். 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் அடிப்படை.

அது சாவதற்கு இரண்டு வழி என்றார் மாமா. ஒன்று சூடு. ஆம்பிளிபயர் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி சத்தமாக மாறுவதில்லை, சுருளில் சூடாகத்தான் போகிறது. அளவு மீறினால் பசை இளகும், கம்பி அறுந்துவிடும். மற்றொன்று, கூம்பு அளவுக்கு மீறி ஆடுவது. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸின் அடிக்கம்பி 31 முறைதான். பெட்டியில் காற்றுத் துளை இருந்தால், அது எந்தச் சுரத்திற்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே போனதும் உள்காற்றின் பிடி விட்டுப்போகும். கூம்பு கட்டுப்பாடின்றி அடித்துக்கொண்டு, சுருள் இடுக்கிலிருந்து நழுவி உரசும். நம் தம்பி வைத்திருந்தது ஐந்து கம்பி. மண்டபமோ பெரியது. ஆம்பிளிபயரைக் கரகரக்கும் வரை திருகியிருக்கிறார். 'ஆம்பிளிபயர் சின்னதுதானே, ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது' என்று பலர் நினைக்கிறார்கள். கரகரக்கும் நிலையில், 300 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்பிளிபயர் அதைவிட நிறையவே தள்ளும்.

வீட்டு வாசலில் பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்தோம். படுக்க வைக்காமல் கழற்றினால் கடைசி ஆணி வந்ததும் ஸ்பீக்கர் காலில் விழும், பாரமான காந்தம் அது. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் மட்டுமே இருக்கும் பெட்டியைத்தான் நாம் திறக்கிறோம். ஆம்பிளிபயரும் சேர்ந்த பெட்டியாக இருந்தால், மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் தங்கியிருக்கும். அதைப் பழகியவர் கையில் விட்டுவிடுங்கள்.

திறப்பதற்கு முன் மாமா ஒரு 1.5 வோல்ட் டார்ச்லைட் பேட்டரியை எடுத்து, பெட்டியின் வயரில் தொட்டுத் தொட்டு எடுத்தார். இரண்டு கூம்புகள் 'டப்' என்று வெளியே எகிறின. இரண்டு அசையவில்லை. "பார்த்தீங்களா, கடைக்காரர் சொன்னது சரிதானே!" என்றேன் நான், அவசரக் குடுக்கை. மாமா சிரித்தார். "இன்னும் வயரைப் பார்க்கலையே."

இதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. நான்கு எட்டு ஓம் ஸ்பீக்கர்களை வைத்து மொத்தம் எட்டு ஓம் வரவேண்டும் என்றால், இரண்டிரண்டாக வரிசையில் கோர்ப்பார்கள். எட்டும் எட்டும் பதினாறு. இப்படி இரண்டு ஜோடி. அந்த இரண்டு பதினாறையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் மறுபடியும் எட்டு. வரிசையில் கோர்த்த ஜோடியில் ஒன்று அறுந்தால் பழைய தீபாவளி விளக்குச் சரம் மாதிரி, அடுத்ததற்கும் மின்சாரம் போகாது. ஆள் உயிரோடுதான் இருப்பார், ஆனால் ஊமை!

வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தார். வயரைக் கழற்றாமல் அளந்தால் மற்ற ஸ்பீக்கர்களின் கணக்கும் சேர்ந்து வந்து குழப்பும். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு ஓம் பக்கம்தான் காட்டும், அது கோளாறல்ல. மூன்று ஸ்பீக்கர்கள் ஆறு காட்டின. நான்காவதில் முள் அசையவே இல்லை. ஒன்றுதான் போயிருந்தது. நல்ல மூன்றின் கூம்பையும் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக, சமமாக அழுத்திப் பார்த்தோம். உரசல் இல்லை. உரசினால், மீட்டர் சரியாகக் காட்டினாலும் அந்த ஸ்பீக்கரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

தம்பிகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 900 ரிங்கிட் பேச்சு ஒரு நிமிடத்தில் பாதியானது. மாமா திட்டவும் செய்தார். இரண்டு ஊமையான பிறகும் மீதி இரண்டை வைத்து, சத்தம் போதவில்லை என்று இன்னும் திருகி, விருந்தை முடித்திருக்கிறார்கள். அந்த இரண்டும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

சரி, புதிதாக எதைப் போடுவது? பத்தங்குலம் என்றால் எல்லாம் பத்தங்குலம்தான் என்று நினைக்கக் கூடாது. முதலில் ஓம். எட்டுக்குப் பதில் நான்கு ஓம் போட்டால், வரிசையில் இருக்கும் எட்டு ஓம் தம்பியின் தலையில் இரண்டு பங்கு பாரம் விழும், நான்கு ஓம் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். மொத்த ஓமும் குறையும். குறைந்த ஓமில் ஆம்பிளிபயரே சூடேறிப் படுத்துவிடலாம். லீட் கித்தார் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதன் கூம்பு அவ்வளவு தூரம் ஆடப் பிறந்ததில்லை. கார் சப்வூஃபரும் வேண்டாம். ஆடும், ஆனால் அதே வாட்டுக்குச் சத்தம் குறைவாக வரும். மூன்று டெசிபெல் குறைந்தாலே ஆம்பிளிபயர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்.

பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பதும் ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதியதை ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கினார். இன்று நல்ல ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் 'தீல்–ஸ்மால்' எண்கள் தாளில் இருக்கும். அந்த எண்கள் பெட்டியின் கொள்ளளவோடு ஒத்துப் போகவேண்டும். ஜாதகப் பொருத்தத்தைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்!

நான்கில் ஒன்று மட்டும் மாறுவதால், அதே மாடல்தான் உத்தமம். இவர்களுடைய மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகவே சட்டத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு, சுருளையும் கூம்பையும் மட்டும் மாற்றித் தரும் ஒருவரிடம் மாமா அனுப்பினார். 160 ரிங்கிட். பசை காயவே ஒரு நாள் ஆனது. அதே ஓம், அதே கனமுள்ள கூம்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார். இதைச் சொல்லாவிட்டால் கையில் இருக்கும் கூம்பை ஒட்டித் தருபவர்களும் உண்டு.

திரும்பப் பூட்டும்போது நான் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. காரணம் இருக்கிறது. டிப்ளோமா படித்த காலத்தில் மாணவர் குழுவுக்குப் புத்தம் புது ஸ்பீக்கரைப் பூட்டும்போது, காந்தம் ஸ்குரூடிரைவரை வெடுக்கென்று இழுத்து, கூம்பில் சரக்கென்று ஓட்டை! பூட்டுகிறவர் ஒரு கையைக் கூம்புக்கும் கருவிக்கும் நடுவில் மறைப்பாக வைக்கவேண்டும் என்று அன்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சட்டம் கோணி, சுருள் உரசும். இரண்டு துளைகளில் மரம் பொத்துப்போயிருந்தது. நம் ஊர் ஈரக் காற்றில் பலகை ஊறினால் அப்படித்தான். மரப்பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்துக் காயவிட்டதும் ஆணி பிடித்துக்கொண்டது. வயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டினோம். பிளஸ், மைனஸ் மாறாமல் பூட்டியபின் மறுபடியும் பேட்டரி. நான்கு கூம்புகளும் ஒரே திசையில் எகிறவேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால், மற்றவை தள்ளும் காற்றை அது இழுத்துக்கொள்ளும், அடிச்சத்தம் காணாமல் போகும். இங்கே ஒன்று உள்ளேதான் போனது! புதிதாகக் கூம்பு போட்டது அல்ல, பழையதில் ஒன்று. முந்தைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே அப்படி இருந்திருக்கிறது. மண்டபத்தில் சத்தம் போதவில்லை என்று இவர்கள் திருகித் திருகி ஸ்பீக்கரைக் கொன்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் மாமா. வயரை மாற்றியதும், அரை வால்யூமிலேயே வாசல் கண்ணாடி அதிர்ந்தது.

கல்யாணத்தில் நன்றாக வாசித்தார்களாம், நான் போக முடியவில்லை. ஆனால் பெட்டியை மூடுவதற்கு முன் மாமா செய்த ஒரு காரியம் நினைவில் இருக்கிறது. ஒரு தாளில் தேதி, ஓம், எந்த வயர் எங்கே போகிறது என்ற படம் எல்லாம் வரைந்து உள்பலகையில் ஒட்டச் சொன்னார். "எதுக்கு மாமா, எங்களுக்குத்தான் தெரியுமே?" என்றார் தம்பி. "உங்களுக்குத் தெரியும்டா. அடுத்து இதைத் திறக்கிறவன் நம்மள திட்டக் கூடாதுல்ல?"