ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகள்

மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள நாளமில்லாச் சுரப்பி பிட்யூட்டரி. இதில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அளவுக்கு மீறிச் சுரக்கும் ஹார்மோனைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன.

1. புரோலாக்டின் கட்டி: மிகப் பரவலானது. பெண்களுக்கு மாதவிடாய் தவறும். பிரசவம் ஆகாமலே பால் சுரக்கலாம்.

2. வளர்ச்சி ஹார்மோன் கட்டி: சிறுவயதில் வந்தால் அசுரத்தன்மை, வளர்ந்தபின் வந்தால் கை, கால், தாடை பெருக்கும் அக்ரோமெகலி. மல்யுத்த வீரர் கிரேட் காளிக்கு 2012இல் அமெரிக்காவில் பிட்யூட்டரி கட்டி அகற்றப்பட்டது.

3. அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் கட்டி: குஷிங் நோய். முகம் உருண்டையாகும், இரத்த அழுத்தம் உயரும்.

4. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் கட்டி: அரிது. படபடப்பு, எடைக்குறைவு காணப்படும்.

வகையைப் பொறுத்தே சிகிச்சை மாறும். புரோலாக்டின் கட்டி பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். மற்றவற்றுக்குப் பொதுவாக மூக்கு வழியே அறுவை சிகிச்சை செய்வர். எனவே இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவை அறிவதே முதல் படி.