பெயரில் நிற்கும் காடு

மேனாட்டு மாணவர்கள் விடுமுறை வந்ததும் மிதிவண்டியில் ஏறிப் புதர்வெளிகளைக் காணப் புறப்படுவது வழக்கம். ஜெர்மனியில் லூனபர்க் என்னும் பழைய நகரை அடுத்த வெளி அவற்றுள் பெயர் பெற்றது. மணற்பாங்கான, வளம் குன்றிய நிலம். ஆட்டு மந்தைகள் மேய்ந்து மேய்ந்து மரம் எழாமல் காத்த அந்நிலத்தில், கோடையின் இறுதியில் ஊதாநிறச் சிறு பூக்கள் கண்ணெட்டிய வரை மலர்ந்து கிடக்கும். சென்னைக்கு அருகில் அப்படி ஒரு வெளி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. இன்று அதைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே எளிது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலிருந்து புறப்பட்டுப் பூவிருந்தவல்லி வரை செல்லும் வழியில் உள்ள ஊர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருமுல்லைவாயில், பருத்திப்பட்டு, காடுவெட்டி, திருவேற்காடு, பூவிருந்தவல்லி. முல்லை, பருத்தி, காடு, வேல மரம், பூ! காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை என்று நம் இலக்கணத்தார் வகுத்தார்கள் அல்லவா? களாவும் காரையும் சூரையும் எருக்கும் மண்டிய செம்மண் நிலம் அது. காடு போய்விட்டது, அதன் பெயர்ப் பட்டியல் மட்டும் பேருந்துப் பலகைகளில் எஞ்சி நிற்கிறது.

அம்பத்தூரில் தொடங்குவது பொருத்தம். நாம் ஏறிச் செல்லும் வண்டிக்கே அது பிறந்தகம். பர்மிங்ஹாம் நகரத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து முருகப்பா குழுமத்தார் 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை இவ்வூரில்தான் எழுந்தது. ஹெர்குலிஸ் என்ற பெயரைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அறிந்தது அதனால்தான். ஊருக்கு வடக்கே ஏரி இருக்கிறது. அதன் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். தட்டையாகத் தோன்றும் இந்நிலத்தின் சரிவு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் மிதிக்கும் கால் அதை அறியும். அச்சரிவை அளந்தறிந்தே முன்னோர் ஏரிக்கு ஏரி தொடுத்துக் கரை கட்டினார்கள். அதை மறந்து வீடு கட்டியவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் பெருமழை நினைவூட்டியது.

அதிகாலையில் கிளம்புங்கள். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரிகள் மிகுதி. விடிந்து நேரமானால் அந்தச் சாலை சைக்கிளுக்கு உரியதன்று. மேற்கு நோக்கிப் போவதால் இளவெயில் முதுகில் விழும்.

திருமுல்லைவாயிலில் சற்று நேரம் தங்க வேண்டும். புழல் கோட்டையிலிருந்த குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமானின் யானை, இங்கு முல்லைப் புதரில் கால் சிக்கி நின்றதாம். மன்னன் வாளால் கொடியை வெட்டினான். வாள் பட்ட இடத்தில் குருதி வழிந்தது. உள்ளே சிவலிங்கம் இருந்தது. இவ்வாறு தலபுராணம் கூறும். மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சுவாமியை நோக்காமல் வெளிப்புறம் நோக்கியிருப்பதை நீங்கள் காணலாம். மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்பர். சந்நிதியின் முன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் புழல் கோட்டையிலிருந்து வந்தவை என்பதும் மரபு. சுந்தரர் பாடிய தலம் இது. புராணத்தை எப்படிக் கொண்டாலும் சரி, படையின் யானையையே நிறுத்தும் அளவுக்குப் புதர் அடர்ந்த நிலம் என்ற நினைவு அதில் பொதிந்திருக்கிறது. எருக்கஞ்செடி தூணாகும் வரை எவரும் வெட்டாமல் விட்ட நிலம் என்றும் சொல்லலாம்.

அடுத்தது ஆவடி. இப்பெயர் ராணுவ வண்டிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று பலர் உறுதியாகக் கூறுவார்கள். நம்பிவிடாதீர்கள். 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து மேற்கே போன தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை இவ்வூர் வழியே சென்றது; பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையோ 1961-இல் வந்தது. பழைய தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கிலத் தகப்பன் தேடும் வழக்கம் நமக்கு எப்படி வந்ததோ! 1955-ஆம் ஆண்டு ஜனவரியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, இங்குதான் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அத்தனை பெரிய கூட்டத்துக்குத் தற்காலிக நகரமே அமைக்க இங்கே வெற்று வெளி கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆவடியிலிருந்து தெற்கே திரும்பினால் பருத்திப்பட்டு ஏரி. கரையில் நடைபாதை அமைத்துச் சீர்செய்திருக்கிறார்கள். இளைப்பாறலாம். அப்பால் காடுவெட்டி. பல்லவர்களுக்குக் காடுவெட்டி என்றொரு பெயர் உண்டு. காட்டை அழித்து நாடாக்கிய அரசர் என்பது பொருள். இங்கே கூவம் ஆறு குறுக்கிடுகிறது. ஆற்றோடு கிழக்கே சற்று விலகினால் திருவேற்காடு. கருமாரியம்மனைத் தேடி வரும் கூட்டத்தில் வேதபுரீசுவரரை மறப்பவர் பலர். அங்கே தலமரம் வெள்வேல். சூதாடிப் பெற்ற பொருளால் அடியாருக்கு அமுதளித்த மூர்க்க நாயனார் இவ்வூரினரே.

பூவிருந்தவல்லியில் ஆங்கிலேயர் காலத்துப் பட்டாளக் குடியிருப்பும் இருந்தது, கோட்டையும் இருந்தது. எனக்கு அவற்றைவிட இவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பிகளே பெரியவர். இராமானுசர் குருவாகப் போற்றிய அப்பெரியார், இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டு சென்றார் என்பர். காஞ்சிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல்! அவரிடம் சைக்கிள் இல்லை. நந்தவனம் இருந்த ஊரில் இன்று மெட்ரோ ரயிலின் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கின்றன.

வரதராசர் கோயில் வாயிலில் பூக்காரர்களைக் காணலாம். திரும்புவதற்கு முன் ஒரு முழம் முல்லை வாங்கிக் கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் அம்பத்தூர் சேர முடியாது என்று தோன்றினால், விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.