கப்பல் புறப்படுமுன்

அரசாங்கத்துக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொள்ளும் கொந்தராத்துகாரர் விலையையும் தவணையையும் மாத்திரம் கவனித்தாற் போதாது. பொருள் எங்கே செய்யப்பட்டது, எவரெவர் கைமாறி வருகிறது, நாட்டின் சட்டம் அதனை உள்ளே விடுமா என்பனவற்றுக்கும் அவரே பொறுப்பாளி. இது கொழும்புக் கந்தோர்களுக்கு மட்டும் உரிய விடயமென்று அப்புத்தளை நேயர்கள் எண்ணிவிடலாகாது. உர வாணிபம் ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. சேதன உரத்தை வெளிநாட்டிலிருந்து விரைவில் தருவிக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. அரசாங்கத்தின் உரக் கம்பனி, சீனாவின் கிங்டாவ் சீவின் பயோடெக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தது. அவ்வுரம் முதன்மையாகப் பெரும்போக வேளாண்மைக்கென வேண்டப்பட்டது. மாதிரிகளைச் சோதித்த தாவரத் தடைகாப்புச் சேவை, அவற்றிலே தீய நுண்ணுயிர்கள் உள்ளன எனக் கூறி அனுமதி மறுத்தது. கம்பனியோ அம்முடிவு தவறானது என்றது. எனினும் 20,000 தொன் உரத்துடன் 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஊவாவின் மடுல்சீமையில் 1869இல் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், இலங்கையின் கோப்பிப் பயிரையே அழித்தது. காரணம், கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூஞ்சணம். அதன் பின்னரே தேயிலை ஓங்கிற்று. 1890இல் தம்பேத்தன்னைத் தொழிற்சாலையும் எழுந்தது.

இனி, பணத்தின் கதை. நாணயக் கடிதத்தின்படி பணம் கொடுக்கும் வங்கி, பொருளைப் பார்ப்பதில்லை, பத்திரங்களையே பார்க்கிறது. பத்திரங்கள் சரியாயின் பணம் கொடுத்தேயாகவேண்டும். 2021 ஒக்டோபரில் வர்த்தக மேல் நீதிமன்றம் அக்கொடுப்பனவைத் தடுத்தது. உடனே சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. 2022 ஜனவரியில் 65 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகை செலுத்தப்பட்டது. உரமோ வயலை அடையவில்லை.

இதிலிருந்து ஒப்பந்தகாரர் கற்கவேண்டியவை யாவை? முதலாவது, இறக்குமதி அனுமதி கைக்கு வந்த பின்னரே நாணயக் கடிதம் திறத்தல் வேண்டும். இரண்டாவது, வங்கிக்குக் காட்டவேண்டிய பத்திரங்களுள் தடைகாப்புச் சான்றிதழும் ஒன்றாதல் வேண்டும். மூன்றாவது, மாதிரியை எந்தச் சோதனைச்சாலை, எம்முறையில் ஆராயும், முடிவிற் பிணக்கு நேர்ந்தால் எவர் தீர்ப்பர் என்பனவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும். நான்காவது, ஒரே வழங்குநரை நம்பியிராமல் மாற்றுவழியும், களஞ்சியத்திற் கையிருப்பும் வைத்திருத்தல் வேண்டும்.

தேயிலைக்கு உரம் உயிர்நாடி. கொழுந்தைக் கிள்ளக் கிள்ளச் செடி நைதரசனை இழக்கிறது. அதனை மீண்டும் மண்ணுக்கு ஊட்டாவிடில் தளிர் குன்றும். தடை அவ்வாண்டு நவெம்பரிலேயே தளர்த்தப்பட்டது. ஆயினும் உரத் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தியை 2022இல் 25 கோடி கிலோவாகக் குறைத்தன.

மலையில் நிற்கும் தாய்மார் இந்தக் கணக்கை வேறுவிதமாக அறிவர். கொழுந்து குறைந்து நிறுவை எட்டாதபோது, அன்றைய முழுப்பேர் அரைப்பேராகிறது. கந்தோரிலே ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவோர், அந்தப் பேரையும் ஒரு கணம் நினைப்பார்களாக.