உங்கள் மாடிக்கு எந்த அவரை?

பாக்கெட்டில் இருக்கிற படத்தைப் பார்த்து அவரை விதை வாங்கி, சித்திரையில் ஊன்றினீர்களா? கொடி கைப்பிடிச் சுவரையும் தாண்டி ஓடியிருக்கும். பூ மட்டும் எட்டிப் பார்த்திருக்காது. 'சத்துப் போதலையோ' என்று ஒரு பிடி யூரியாவும் போட்டிருப்பீர்கள். இலைதான் இன்னும் தழைத்திருக்கும்! கோளாறு உரத்தில் இல்லைங்க, மாதத்தில்!

பந்தல் அவரை

நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுத்து, தை, மாசி வரை காய் பறிக்கலாம். பந்தல் போடுவது கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சொல்லித் தரணுமா? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையே பந்தலில்தானே படர்கிறது! வீட்டுக்கு நாலு மூங்கிலும் நைலான் கயிறும் போதும். ஆடிக் காற்றுக்குச் சாயாதபடி இறுக்கிக் கட்டுங்கள். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும்.

செடி அவரை

இடம் குறைவா? ஆடி வரை காத்திருக்கப் பொறுமை இல்லையா? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 14, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் ஆகியவை குத்துச்செடி ரகங்கள். பந்தல் வேண்டாம், தொட்டியே போதும். சுமார் இரண்டு மாதத்தில் காய் வந்துவிடும். ஆனால் பந்தல் அவரை மாதிரி மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்காது.

கொடி பீன்ஸ்

கொடைக்கானல் போனவர்களுக்கு இதன் மேல் ஆசை வரும். பீன்ஸுக்குக் குளிர்ச்சி வேண்டும். தேனி, கம்பம் வெயிலில் பூ உதிர்ந்துவிடும். கீழ்ப்பழனி மலையில் உள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி. 1 கொடி ரகமும் மலைக்குத்தான் தோது. பீன்ஸைச் சந்தையில் வாங்குங்கள். அவரையை மாடியில் வளருங்கள்.

மருந்து வேண்டாமே!

அவரைக்குப் பெரிய எதிரி அசுவினி. நுனியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். யூரியா தேவையே இல்லை. அவரை வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியாக்களே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மக்கிய எரு போட்டால் போதும்.

சமையலில் கவனம்

அவரைக்காயில் நார்ச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உண்டு. சாதத்தைக் குறைத்து அவரைப் பொரியலைக் கூட்டினால், சாப்பிட்டதும் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஆனால் எந்த அவரையையும் பச்சையாகத் தின்னாதீர்கள். முற்றிய விதையில் நச்சுப் பொருள்கள் உண்டு. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள். குழந்தைகள் கொடியிலிருந்து பறித்துக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி பிறக்கட்டும், விதையை எடுங்கள். பொங்கல் கூட்டுக்கு உங்கள் வீட்டு அவரை தயார்!