கணிதக் குறியீடும் கட்புலனற்ற மாணவரும்

கணிதத்தின் மொழி கண்ணை நம்பி வளர்ந்தது. ஓரெழுத்தின் தோளிலே சிறிய 2 ஏறியமர்ந்தால் அது வர்க்கம். அதே 2 காலடியில் இறங்கினால் வெறும் அடையாளம். கோட்டின் மேல் நிற்பது தொகுதி, கீழ் நிற்பது பகுதி. ஈண்டு இடமே பொருளாகின்றது. காதினாற் கற்போனுக்கு இவ்விடம் புலப்படுவதில்லை. "எக்ஸ் சக ஒன்று, கீழே இரண்டு" என ஆசிரியர் உரைக்குங்கால், இரண்டு என்பது முழுவதற்கும் பகுதியோ, ஒன்றற்கு மட்டுமோ? எக்ஸின் பெறுமானம் 3 ஆயின், முன்னதன் விடை 2. பின்னதன் விடை மூன்றரை. கரும்பலகையைக் காண்போனுக்கு இவ்வையம் எழுவதேயில்லை.

தாமும் பார்வையிழந்தவரான லூயி பிறெயில் பரிஸ் நகரிலே 1829இல் வெளியிட்டு 1837இல் திருத்திய ஆறு புள்ளி முறை, உரைநடைக்கும் இசைக்கும் வழி திறந்தது. ஆயின் ஆறு புள்ளிகளால் ஆகத்தக்க வடிவங்கள் 63 மட்டுமே. ஆதலின் முதற் பத்து எழுத்துக்களின் முன்னே எண்குறியொன்றை இட்டு, அவற்றையே இலக்கங்களாகவும் வழங்கலாயினர். உரைநடைக்கு இது போதும். எழுத்தும் எண்ணும் நெருங்கிக் கலக்கும் அட்சரகணிதத்துக்கோ இடர் மிகுதி.

இவ்விடரைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்கரான ஆபிரகாம் நெமெத் (1918 - 2013). பிறவியிலேயே பார்வையற்ற அவரை, கணிதம் ஒவ்வாதெனக் கூறி ஆலோசகர்கள் உளவியலின்பாற் செலுத்தினர். கொலம்பியாவில் அத்துறையிற் பட்டமும் பெற்றார்; எனினும் கணிதத்துக்கே மீண்டு, டெற்றொயிற் பல்கலைக்கழகத்தில் அதனையே கற்பித்தார். 1952இல் வெளிவந்த அவரது முறையிலே இலக்கங்கள் புள்ளிக் கட்டத்தின் கீழிரு வரிசைகளுக்கு இறக்கப்பட்டமையால் எழுத்தோடு மயங்குவதில்லை. பின்னம் தொடங்க ஒரு குறி, முடிய ஒரு குறி. மேலேற ஒன்று, கீழிறங்க ஒன்று, நிலைக்கோட்டுக்கு மீள மற்றொன்று. தாளில் மேலுங் கீழுமாக விரிந்திருந்தது ஒரே வரியாய் விரலுக்கு எட்டியது.

வாய்மொழிக்கும் அவர் இவ்வொழுங்கையே வகுத்தார்: "பின்னந் தொடக்கம், எக்ஸ் சக ஒன்று, கீழ் இரண்டு, பின்னம் முடிவு" என்றாற்போல. கேட்பதற்குச் சற்று நீளந்தான். ஆனாற் செலவு யாதுமில்லை. "இதனை அங்கே கொண்டுபோய் அதனால் வகுக்க" என்று வெண்கட்டியாற் சுட்டிப் பேசும் நம் வழக்கம், கட்புலனற்றவனை மட்டுமன்றிப் பின்வாங்கிலிருந்து குறிப்பெடுப்பவனையும் இடர்ப்படுத்துகின்றது. ஒரு குறியீட்டின் பெயரறியாத மாணவன் அதைப்பற்றி வினாவுவதுதான் எங்ஙனம்?

இக்காலத்துப் பாடக்குறிப்புக்களிலே சமன்பாட்டைப் படமாக ஒட்டிவிடுகின்றோம். திரையை வாசித்துரைக்கும் கணினிக்கு அப்படம் ஊமை. பின்னம் எது, சுட்டி எது என அமைப்பையே பதிந்துவைக்கும் மாத்எம்எல் என்னும் முறை 1998இலேயே வந்துவிட்டது. அதில் எழுதிய சமன்பாட்டை ஒருவர் கண்ணாலும், இன்னொருவர் காதாலும், மூன்றாமவர் விரலாலும் படிக்கலாம். பாடத்தை ஆக்கும்போதே அவ்வாறு எழுதுவது எளிது. ஒரு மாணவன் வந்து கேட்டபின் படம்படமாக மாற்றப் புகுந்தால் ஒரு தவணை கழிந்துவிடும். அதற்குள் அவனுடைய பரீட்சையும் முடிந்திருக்கும்.